கொம்யூன் கொடுத்த தென்னங்கன்று

சனிக்கிழமை என்றால் இன்றைக்கும் எனக்கு ஓர் அலுப்பு வந்துவிடுகிறது. பாகூர் கொம்யூன் ஆபீஸ் பெஞ்சுதான் அதற்குக் காரணம். என் பதினெட்டாவது வயதில், ஒரு வருஷத்துக்கும் மேலாக, வாரம் தவறாமல் சனிக்கிழமை காலையில் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன். உட்காருவதுதான் வேலை. உள்ளே மேஜைக்குப் பின்னால் இருக்கும் செக்ரட்டரி எப்போதாவது தலையைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டால் ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். நான் உயிரோடு இருக்கிறேன், வைத்த இடத்திலேயே இருக்கிறேன் என்பதற்கு அந்தக் கோடு அத்தாட்சி. சில சனிக்கிழமைகளில் அவர் மத்தியானம் வரை தலையைத் தூக்கவே மாட்டார். நான் இருமிப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் என்னைவிட நன்றாக இருமுவார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேலே ஆள் மாறியதே தவிர, ஊர் நிர்வாகத்துக்கு அவன் வைத்த கொம்யூன்களின் நடைமுறைகள் பழையபடியேதான் ஓடின. நான் வளர்ந்தது புதுச்சேரி டவுனில் ஒரு கன்னியர் மடத்தில். மடத்தில் பெண்களைப் பதினெட்டு வயது வரைதான் வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு இருபத்தொன்று வரை, பிறப்புப் பதிவு எந்தக் கொம்யூனில் இருக்கிறதோ அந்தக் கொம்யூன்தான் பொறுப்பு என்று மதர் சொன்னார்கள். என் பதிவு பாகூரில் இருந்தது. பெற்றவர்கள் யாரென்று அதில் ஒன்றுமில்லை. பதிவு மட்டும் இருந்தது. பாகூரில் எனக்கு ஒரு ஈ காக்கைகூடத் தெரியாது. ஆனாலும் ஒரு துணிப்பை, ஒரு ஜெபமாலை, மதர் எழுதிய ஒரு கடிதம் இவற்றோடு என்னைப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

கொம்யூனில் என்னைப் பார்த்து அவர்களுக்குக் கொஞ்சம் திகைப்புதான். கல்யாணமாகாத பெண்ணை எங்கே வைப்பது? செக்ரட்டரி கொம்யூன் உதவி வாங்கும் ஏழைகளின் உதவிப் பட்டியலைப் புரட்டி, ஏரிக்கு மேற்கே உள்ள ஒரு ஊரில் தனியாக இருந்த ஒரு விதவையைத் தேர்ந்தெடுத்தார். ஏற்பாடு இதுதான்: அவள் எனக்கு இடம் தர வேண்டும். பதிலுக்கு கொம்யூன் மாதாமாதம் எனக்கும் அவளுக்கும் அரிசி கொடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், அவள் வீட்டுக்குக் கூரை வேய ஓலை கொடுக்கும். இருபத்தொன்று முடிந்ததும் கொம்யூன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சருக்கு உதவியாக எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுப்பதாகவும் செக்ரட்டரி வாயால் சொன்னார். எனக்குப் பூத்தையல் நன்றாக வரும். அந்த வேலையை நம்பித்தான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவளை நான் அத்தை என்று கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரே மகளை வடக்கே சுத்துக்கேணியில் கட்டிக் கொடுத்திருந்தாள். நடவு, களை, அறுப்பு என்று எதைக் கூப்பிட்டாலும் போவாள். அவளுக்கென்று இருந்தது அந்த ஓலை வீடு ஒன்றுதான். அதிலும் கம்பும் கழியும் ஓலையும் அவளுடையவை. மண் மனைக்காரருடையது. மனைக்காரருக்குக் கரும்பும் நெல்லுமாகப் பெரிய நிலம். அவர் மனைகளில் அவளைப்போல் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டு அவர் நிலத்தில் வேலை செய்தார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. அவர் இருக்கச் சொல்லும்வரை இருக்கலாம். பிரி என்றால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. மடத்தில் வேதம் சொல்லிக் கொடுத்தார்கள், கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள், பிரெஞ்சில் வணக்கம் சொல்லக்கூடச் சொல்லிக் கொடுத்தார்கள். மனை என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஊரில் எனக்குக் கொம்யூன் பொண்ணு என்று பெயர். நான் குடத்தைத் தூக்கினால் சிரிப்பார்கள். நாற்றைப் பிடித்தால் சிரிப்பார்கள். சாணி தட்டப் போய் நான் கையை மூக்கில் வைத்துக்கொண்ட கதையை ஒரு மாதம் சொன்னார்கள். அத்தை மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது. வயலிலிருந்து வந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டி, "செத்த இருடி, வந்துடறேன்" என்று யாரோ கூப்பிட்டமாதிரி சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அடுத்த நிமிஷம் எழுந்து உலை வைப்பாள். நாங்கள் அதிகம் பேசியதில்லை. களைத்தவர்களுக்குள் பேச என்ன இருக்கிறது. ஆனால் நான் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டேன். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. அதற்கு முன்னால் எனக்கென்று ஒருத்தி உலை வைத்ததில்லை.

இரண்டாவது வருஷம் ஆடியில், ஒரு சனிக்கிழமை, கொம்யூன் ஆபீஸ் வாசலில் ஒரு வண்டி நிறையத் தென்னங்கன்றுகள் வந்து இறங்கின. புது சர்க்கார் கொடுத்ததாம். உதவிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கன்று என்று கொம்யூன் தலைவரான மேரின் தலைமையில் கவுன்சில் முடிவு செய்திருந்தது. செக்ரட்டரி ஒவ்வொருவரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு கன்றைக் கொடுத்தார்.

"எடுத்துகினு போய் நடுங்க. ரெண்டு மாசத்துல நாங்க வந்து பாப்போம்" என்றார்.

பெஞ்சுக் கிழவர்களில் ஒருவர் கன்றை மடியில் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு, "எங்க சாமி நடுறது? தலைமேலயா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். போகிற வழியில் இரண்டு பேர் தங்கள் கன்றை ஏரிக்கரையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் நேராகத் தன் மனைக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இதெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. ஏழைகளுக்கு மரம் வளர்க்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். மடத்துப் படிப்பு அப்படி.

நான் வீட்டுக்கு வந்தபோது அத்தை இல்லை. மகளுக்குப் பிரசவ வலி கண்டதென்று ஆள் வர, சுத்துக்கேணிக்குப் போய்விட்டாள். நாலு நாளாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அவள் திரும்பும்போது கன்று வேர்பிடித்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குக் கொடுக்க அதுவரை என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. வாசலுக்கு வலது பக்கம் குழி வெட்டி, அடியில் மணல் போட்டு, மடத்துத் தோட்டக்காரர் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் ஒழுங்காக நட்டேன். சுற்றி முள் அடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் அவள்மேல் எரிச்சலாக இருந்தது. பிற்பாடுதான் புரிந்தது: சொல்லியிருந்தால், நீதான் தடுத்தாயா என்று நாளைக்குக் கொம்யூன் அவளைக் கேட்குமே.

மூன்றாம் நாள் காலை மனைக்காரர் குடையோடு வந்தார். கரும்பு வெட்ட ஆள் சொல்ல வந்தவர், கன்றைப் பார்த்து நின்றுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த வருஷங்களில் மனைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பயம் பிடித்திருந்தது. புது சர்க்கார் சட்டம் கொண்டுவரப் போகிறது, குடியிருப்பவனுக்கே மனை என்று எழுதப் போகிறது என்று பேச்சு. பூசணி போடலாம், அவரை படரவிடலாம், முருங்கைக் கொம்புகூட ஊன்றலாம். தென்னை வைக்கக் கூடாது. தென்னை வைத்தவன் இருந்து அனுபவிக்க வைத்தான் என்றுதான் அர்த்தம். நாளைக்குப் பஞ்சாயத்து என்று வந்தால், மரம் யார் வைத்தது என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பக்கத்தில் இது குழந்தைக்குத் தெரியும்.

"யார் வெச்சது இது?" என்றார்.

"நான்தான் ஐயா வெச்சேன். கொம்யூன்ல குடுத்தாங்க" என்றேன், பெருமையாக.

"கொம்யூன்லியா?"

"ஆமாங்க ஐயா. வீட்டுக்கு ஒண்ணு. ரெண்டு மாசத்துல வந்து பாப்பாங்களாம். ஏழு வருஷத்துல காய்க்குமாம்."

"அப்ப ஏழு வருஷம் இருக்கறதா இருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கன்றை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நல்லவிதமாகப் பேசினேன் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அத்தை வந்தாள். தெருமுனையிலேயே அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். பேரன் பிறந்த முகம் இல்லை அது. நேராக வந்து முள்ளைக் காலால் ஒதுக்கி, கன்றை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள். பிடுங்கிய கன்றைக் கையில் வைத்துக்கொண்டே மனைக்காரர் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பிப் பார்த்து, "வராத" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள். கையில் கன்று இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

"தெரியாத பொண்ணு நட்டுடுச்சிங்க, புடுங்கிட்டேன்னு சொன்னேன். மரம் போச்சி, புக்ல இருக்கற பேரு போச்சாங்கறாரு. என் மனைய கொம்யூன் புக்ல எழுதிகினு வந்து பாப்பானா, மரத்த எண்ணுவானான்னு கேக்கறாரு. அந்தப் பொண்ணு இருக்கற வரைக்கும் எழுதுவான், எழுத எழுத அது கொம்யூன் வூடுன்னு ஆவும்ங்கறாரு."

"அதுக்கு இன்னா செய்யணுமாம் அத்த?"

"அமாவாசைக்குள்ள உன்ன அனுப்பிடணுமாம். இல்லன்னா வூட்ட பிரிச்சிக்கினு போவணுமாம்."

அமாவாசைக்குப் பதினாலு நாள் இருந்தது. என்ன செய்யலாம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாட்களைப்போல் நீண்ட நாட்களை நான் பார்த்ததில்லை. அவள் வேலைக்குப் போவாள், வருவாள், சோறு போடுவாள். சாப்பிடும்போது மேலே பார்ப்பாள். கூரையில் எத்தனை கம்பு, எத்தனை கழி, எது உளுத்தது, எது தாங்கும் என்று கண்ணாலேயே பிரித்துக்கொண்டிருந்தாள். இரு என்று அவள் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். போகிறேன் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. ஒரே அறையில் இரண்டு பேர் இப்படிக் காத்துக்கொண்டிருப்பது பெரிய களைப்பு. வயலில் முதுகு வளைவதைவிட அதிகக் களைப்பு.

அடுத்த சனிக்கிழமை பெஞ்சில் உட்காராமல் நேராக செக்ரட்டரியின் மேஜைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். அதுவே பெரிய மரியாதை.

"மனை விவகாரத்துல கொம்யூன் தலையிட முடியாதும்மா. வேணும்னா அவர்மேல புகார் எழுதிக் குடு. மேர்கிட்ட வைக்கிறேன்" என்றார்.

"எழுதிக் குடுத்தா?"

"கூப்ட்டுக் கேப்பாங்க."

கூப்பிட்டுக் கேட்டால் அன்றைக்கே அத்தையின் வீடு தெருவில் கிடக்கும். அதுகூட எனக்கு அதற்குள் புரிந்திருந்தது.

"அவங்களே என்ன அனுப்பிட்டாங்கன்னா?" என்று கேட்டேன்.

அவர் ரிஜிஸ்டரின் முன்பக்கத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். கொம்யூன் ஒப்படைத்த பெண்ணை வெளியே அனுப்பினால் அந்த வீட்டின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். அரிசி நிற்கும். ஓலை நிற்கும். புரட்டாசி வந்தால் ஓலை கொடுக்க வேண்டிய மாதம். அத்தை வீட்டுக் கூரையில் உள்ளேயிருந்து வானம் தெரிந்தது. ஐப்பசி மழைக்கு அது நிற்காது.

"நானே போனா?" என்றேன்.

"நீயா போனா அவங்களுக்கு ஒண்ணுமில்ல. பேரு அப்படியே இருக்கும். உனக்குத்தான் போவும். ஒரு தடவ அடிச்சா மறுபடி ஏத்த மாட்டாங்க" என்றார். பள்ளிக்கூட வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் அடுத்த சனிக்கிழமை வந்தது. காலையில் துணிப்பையில் என் இரண்டு சேலையையும் ஜெபமாலையையும் வைத்துக்கொண்டேன். அத்தை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "கொம்யூனுக்குப் போய்ட்டு வரேன் அத்த" என்றேன். ஏறிட்டுப் பார்த்தாள். பையையும் பார்த்தாள். "உம்" என்றாள். ஏரிக்கரை மேல் நடந்து போகும்போது, யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். வெயில் அன்றைக்கு மோசம்.

செக்ரட்டரி வேறொரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நானாகவே வெளியேறுகிறேன் என்று எழுதினார். பிறகு, "காரணம்?" என்று கேட்டார்.

காரணம் ஒன்று வேண்டும் என்று நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. உண்மையை எழுதினால் மனைக்காரரைக் கூப்பிடுவார்கள். அத்தை கொடுமை செய்தாள் என்றால் அவள் பெயரை எடுப்பார்கள். அவளுக்குக் கெடுதல் வராத காரணமாக இருக்க வேண்டும், நம்பும்படியாகவும் இருக்க வேண்டும். பெஞ்சிலிருந்து அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாடு புடிக்கல" என்றேன்.

செக்ரட்டரிக்கு எல்லாம் தெரியும். போன வாரம்தானே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அப்படியே எழுதினார். பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியாதே. "மடத்துல கறியும் மீனுமா தின்ன நாக்கு" என்று ஒரு பாட்டி மற்றவரிடம் சொன்னாள். "குடுத்து வெக்கல" என்றார் கன்றை மடியில் வைத்திருந்த கிழவர். இரண்டு பேரும் அத்தையின் ஊர்க்காரர்கள். நான் கையெழுத்துப் போட்டேன். மடத்தில் கற்றுக்கொடுத்த அழகான கையெழுத்து.

அதற்குப் பிறகு டவுனில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இன்னொரு வீட்டில் சமையல், பிறகு ஒரு துணிக்கடைக்குப் பூத்தையல் என்று ஐந்தாறு வருஷம் போனது. எதிலும் கஷ்டம் என்று சொல்ல முடியாது, சுகம் என்றும் சொல்ல முடியாது. பாகூர்ப் பக்கம் போகவில்லை. போகக் கூடாது என்றில்லை. சனிக்கிழமைகளில் கால் வரவில்லை.

புதுச்சேரி முழுக்க இந்தியாவோடு சேர்ந்துவிட்டது, பிரெஞ்சுக்காரனோடு ஒப்பந்தக் கையெழுத்தெல்லாம் முடிந்தது என்று டவுனில் பேசிக்கொண்ட வருஷம், துணிக்கடைக்காரர் வேலையாக வில்லியனூருக்குப் போயிருந்தேன். திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே அத்தை உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. சுத்துக்கேணியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள். நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வூடு இருக்குதா அத்த?"

"இருக்குது. வருசா வருசம் ஓல குடுக்கறாங்க" என்றாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஊசி குத்திய விரல்களைத் தடவிப் பார்த்தாள். பேரன் பள்ளிக்கூடம் போகிறான் என்றாள். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கணும்டி உன்ன" என்றாள்.

"கேளு அத்த."

"என் சோறு அவ்ளோ மோசமாவா இருந்துச்சி?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஊர்ல அதான் பேச்சி. கல்யாண வூட்ல காய் நறுக்கத்தான் என்ன கூப்புடறாங்க. அடுப்பாண்ட வுடறதில்ல. கொம்யூன் பொண்ணே துப்பிட்டு ஓடுன சோறுன்னு கேலி பண்றாங்க. மொதல்ல நானும் சிரிச்சிக்கினேன். அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. தனியா ஆக்கித் தின்னும்போது உப்பு சரியா கீதான்னு நாலு தடவ பாக்கறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டரில் இருந்த வரி, ஓலை, செக்ரட்டரி கேட்ட காரணம், வேறு ஒன்றும் வாயில் வராமல் போனது. சொல்லும்போது அழுதுவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்து இரண்டு தடவை அவள் வாசலில் மண் அள்ளிப் போட்டிருக்கிறேன். முதல் தடவை தெரியாமல். இரண்டாவது தடவை யோசித்து.

அவள் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"அன்னிக்கி நீ பைய எடுத்துகினு போனத பாத்தேன்."

"தெரியும் அத்த."

"எங்கடி போறேன்னு கேட்டிருந்தா நீ நின்னிருப்பே" என்றாள். "அதான் கேக்கல."